ஆலங்குளத்திலிருந்து ஹாக்கிக்கு ஒரு பஸ்

ஆலங்குளம் என்றதும் பலர் தென்காசிப் பக்கத்து ஊரை நினைத்துக்கொள்கிறார்கள். நான் சொல்வது ராஜபாளையத்துக்குத் தென்கிழக்கே, கரிசல் காட்டுக்கு நடுவில், அரசு சிமெண்ட் ஆலையை வைத்து வெளியூர்க்காரர்கள் தெரிந்துகொண்ட ஆலங்குளத்தை. 1970-இல் அந்த ஆலை ஓடத் தொடங்கியபோது வேலைக்காக வந்து சேர்ந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. ஒரு சங்கு ஊதினால் அப்பா கிளம்புவார், அடுத்த சங்குக்கு நாங்கள் பள்ளிக்கூடம் கிளம்புவோம். சாயங்காலம் வீடு திரும்பும்போது சட்டையில் ஒட்டியிருப்பது சிமெண்ட் தூசியா கரிசல் புழுதியா என்பது அம்மா தண்ணீரில் முக்கிய பிறகுதான் தெரியும்.

விளையாட்டு என்றால் அந்தப் பக்கத்தில் ஊருக்கொரு பித்து. ராஜபாளையத்துக்காரர்களுக்குக் கூடைப்பந்து, மின்விளக்குப் போட்டு ராத்திரியில் நடக்கும் ஆட்டத்தைப் பார்க்கக் குடும்பத்தோடு போவார்கள். எங்கள் காலனியில் வாலிபாலும் கபடியும். ஆனால் தெற்கே, திருவேங்கடமும் கழுகுமலையும் தாண்டி பஸ் போய் நிற்கிற கோவில்பட்டியில் ஆட்டமே வேறு. அங்கே சிறுவர்கள் வேலிக்கருவையிலோ உடைமரத்திலோ நுனி வளைந்த கொம்பாகத் தேடி வெட்டி, தோலைச் சீவி, வெயிலில் காயப்போட்டு, சந்துக்குள் ஹாக்கி ஆடினார்கள். பந்து கிடைக்காத நாளில் துணியைச் சுருட்டிக் கட்டிக்கொண்டார்கள். ஓர் ஊரே இப்படி ஒரு விளையாட்டுக்குப் பின்னால் போகும் என்பதை நான் முதலில் பார்த்தது அங்கேதான்.

கல்லூரியில் சேர ராஜபாளையத்தில் ராஜூக்கள் கல்லூரி இருந்தது, பக்கமும் கூட. ஆனாலும் நான் 1978-இல் கோவில்பட்டிக்குத்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். கணக்குப் பாடம், நல்ல வாத்தியார்கள், மாமா வீடு என்று வீட்டில் பல காரணம் சொன்னேன். உண்மையான காரணம் மட்டை. நான் சேர்ந்த கோவில்பட்டி ஜி.வி.என். கல்லூரி 1966-இல் தொடங்கியது, எங்கள் மதுரைப் பல்கலைக்கழகம் பிறந்த அதே ஆண்டு. அன்று ஆலங்குளம் ராமநாதபுரம் மாவட்டம், கோவில்பட்டி திருநெல்வேலி மாவட்டம். ஆனாலும் இரண்டு பக்கத்துக் கல்லூரிகளும் ஒரே பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்ததால், கன்னியாகுமரிக் கல்லூரிப் பையனும் மதுரைக் கல்லூரிப் பையனும் ஒரே கோப்பைக்காக மோதுவார்கள். 1990-இல் மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்து தெற்கைப் பிரித்துக்கொண்ட பிறகு, ராஜபாளையமும் கோவில்பட்டியும் கல்லூரி விளையாட்டில் வேறு வேறு வீடாகிவிட்டன. நிர்வாகத்துக்கு அது நல்லதாக இருந்திருக்கும். ஆனால் அந்தப் பழைய மண்டலப் போட்டிகளில் நாகர்கோவில்காரனின் மலையாளம் கலந்த வசவையும் மதுரைக்காரனின் இழுவையையும் ஒரே மைதானத்தில் கேட்ட காதுக்கு அது ஒரு நஷ்டம்தான்.

மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு கூட்டமான பஸ்ஸில் ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்து நின்ற அந்தப் பையனை இப்போது நினைத்தால் எனக்கு அவன்மேல் பிரியம் பொங்குகிறது. வளைந்த முனை யார் முகத்திலும் இடிக்காமல் இருக்க அவன் பட்ட பாடு! கண்டக்டர், "ஏய் தம்பி, அதை என் பைமேல சாய்ச்சு வையி, பத்திரமா இருக்கும்" என்பார். திருவேங்கடம் தாண்டுவதற்குள் பஸ்ஸில் இருக்கும் ஏதாவது ஒரு பெரியவர் "என்ன இடத்துல ஆடுத?" என்று கேட்டுவிடுவார். "ரைட் ஹாஃப்" என்று சொல்லும்போது குரல் தானாகக் கனத்துவிடும். நான் பெரிய ஆட்டக்காரன் இல்லை. முதல் பதினொன்றில் சில நாள் இருப்பேன், பல நாள் கோட்டுக்கு வெளியே இருப்பேன். ஆனால் ஓர் அணியில் இருப்பது எப்படி என்று அந்த வயதில் படித்துக்கொண்டது, பிறகு நான் பார்த்த எந்த வேலைக்கும் போதுமானதாக இருந்தது.

மைதானம் மண். கரிசலில் அப்படியே ஆட முடியாது. கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும், மழையில் ஷூவோடு ஆளைப் பிடித்துக்கொள்ளும். அதனால் மேலே செம்மண் அடித்து, தண்ணீர் தெளித்து, உருளை போட்டு இறுக்கிவைத்திருப்பார்கள். ஆட்டத்தன்று காலையில் சுண்ணாம்புக் கரைசலை டப்பாவில் எடுத்துக்கொண்டு கயிறு பிடித்துக் கோடு போடுவோம். கோல் முன்னால் அந்த வளைகோட்டை, எங்கள் 'டி'யை, சுழற்றிப் போடுவதற்கென்று கைராசிக்காரன் ஒருவன் இருப்பான்; வேறு யார் போட்டாலும் அன்றைக்குத் தோல்வி என்று எல்லோரும் மனதார நம்பினோம். எங்கள் ஊரில் மலையாய்த் தோண்டி லாரியில் ஏற்றுகிற சுண்ணாம்புக்கல்லின் சொந்தக்காரன் நான் என்பதுபோல, டப்பா பெரும்பாலும் என் கையில்தான் இருக்கும்.

மட்டை மல்பெரி மரம். ஜலந்தர் பக்கமிருந்து வரும். புதிதாக வாங்கினால் ஆளிவிதை எண்ணெய் தடவி சில நாள் ஊறவைக்க வேண்டும் என்று சீனியர் அண்ணன்கள் சொல்வார்கள். விரிசல் விட்டால் நூல் சுற்றுவோம். கைப்பிடிக்குச் சைக்கிள் கடையில் பழைய டியூப் கேட்டுவாங்கி நறுக்கிச் சுற்றுவோம். ஒரு மட்டை அண்ணனிடமிருந்து தம்பிக்கு, தம்பியிடமிருந்து பக்கத்து வீட்டுக்காரனுக்கு என்று கை மாறிக் கொண்டேயிருக்கும். தோல் பந்தோ நாலு ஆட்டத்தில் வெள்ளை உதிர்ந்து மண் நிறமாகிவிடும். மண்ணில் மண் நிறப் பந்தைத் தேடி அடிப்பதற்கு ஒரு கண் வேண்டும். அந்தக் கண் கோவில்பட்டிப் பையன்களுக்குப் பிறவியிலேயே இருந்தது. கல்லில் பட்டுப் பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்பதையும் அவர்கள் முன்கூட்டியே அறிவார்கள். அதனாலேயே வெளியூர் அணிகள் எங்கள் மைதானத்துக்கு வரப் பயந்தன.

இன்றைய இளைஞர்களிடம் நான் விளக்கிச் சொல்ல முடியாமல் தோற்றுப்போகும் சந்தோஷம் ஒன்று உண்டு: புல்லி. நடுக்கோட்டில் பந்தை வைத்து, இரண்டு பக்கத்து சென்டர் ஃபார்வர்டுகளும் எதிரெதிரே குனிந்து நிற்பார்கள். மட்டையைத் தரையில் ஒரு தட்டு, எதிராளியின் மட்டையில் ஒரு தட்டு. இப்படி மூன்று முறை. மூன்றாவது தட்டின் சத்தம் அடங்குவதற்குள் பந்து யாருடையது என்று முடிவாகிவிட வேண்டும். அந்தத் தட்டுகளைக் கூட்டம் முழுக்கச் சேர்ந்து எண்ணும். "ஒண்ணு... ரெண்டு..." மூன்றைச் சொல்ல யாருக்கும் மூச்சு இருக்காது. 1981-இல் ஆட்டத்தை இப்படித் தொடங்கும் வழக்கம் விதியிலிருந்து போனது. அதற்குப் பிறகு நடுவிலிருந்து பந்தைத் தள்ளித் தொடங்குகிறார்கள். காயம்பட்டு நின்ற ஆட்டத்தைத் திரும்ப ஆரம்பிக்க மட்டும் இன்னும் புல்லி இருக்கிறது, அதுவும் ஒரே தட்டோடு. நேரம் மிச்சமாகிறது, சரி. மிச்சமான அந்த நேரத்தை வைத்து என்ன செய்கிறார்கள் என்று நான் பல மைதானங்களில் கவனித்துப் பார்த்துவிட்டேன்.

ஆடுபவர்களைவிடப் பார்ப்பவர்கள்தான் கோவில்பட்டியின் பெருமை. மில் ஷிஃப்ட் முடிந்து பஞ்சு ஒட்டிய தலையோடு நேராக மைதானத்துக்கு வருவார்கள். தீப்பெட்டி ஆபீஸ் வேலையாட்கள் விரலில் மருந்துக் கறையோடு நிற்பார்கள். கடலை மிட்டாய்க் கடைக்காரர் கல்லாவைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்திருப்பார். இந்த மனிதர்கள் அம்பயரைவிட நன்றாக விதி தெரிந்தவர்கள். ஃபார்வர்டு ஒருவன் தனியாகப் பந்தைக் கடத்திக்கொண்டு போய் நழுவவிட்டால், "ஏலே, பக்கத்துல நிக்கவன் உங்க சித்தப்பன் மகனா, பகையா?" என்று ஒரு குரல் வரும். பந்தைக் கொடுத்து ஆடினால் கைதட்டல், தானே வைத்துக்கொண்டு கோலே போட்டாலும் அரைக் கைதட்டல். எங்கள் பி.டி. சார் வாரம் முழுக்கச் சொல்லியும் எங்களுக்கு ஏறாத பாடம், அந்த ஒரு குரலில் ஏறிவிடும். நல்ல கல்லூரி அணி எப்படி உருவாகிறது என்று யாராவது கேட்டால் நான் பயிற்சியாளரைச் சொல்வதற்கு முன்னால் இந்தக் கூட்டத்தைத்தான் சொல்வேன்.

வெளியுலக ஹாக்கி எங்களுக்கு வானொலி வழியாகத்தான் வந்தது. 1975-இல் கோலாலம்பூரில் பாகிஸ்தானை 2-1 என்று வென்று இந்தியா உலகக் கோப்பை வாங்கியபோது நான் பள்ளிக்கூடப் பையன். அந்த அணியில் நம் வி.ஜே. பிலிப்ஸ் இருந்தார் என்பதால் ஆலங்குளம் காலனியில்கூட ஒரு வாரம் தற்காலிகமாக ஹாக்கி நடந்தது. அடுத்த ஆண்டே மாண்ட்ரியலில் ஒலிம்பிக்கை முதல்முறையாகச் செயற்கைத் தளத்தில் நடத்தினார்கள், நாம் ஏழாவது இடத்துக்குப் போனோம். பிறகு 1980 மாஸ்கோ. ஜூலை 29, இறுதி ஆட்டம், எதிரே ஸ்பெயின். டீக்கடை வானொலியைச் சுற்றி நின்ற எங்களில் பாதிப் பேருக்கு இந்தி வர்ணனை புரியாது. 'பாஸ்கரன்' என்ற பெயர் மட்டும் புரியும். சென்னை லயோலா கல்லூரியில் படித்த வாசுதேவன் பாஸ்கரன் அணித் தலைவர். கல்லூரி அணியிலிருந்து ஒருவன் அவ்வளவு தூரம் போகலாம் என்றால் நாம் ஏன் போகக்கூடாது என்று, 4-3 என்று ஜெயித்துத் தங்கம் வந்த அந்தச் சாயங்காலம், எங்களில் ஒவ்வொருவனும் தனித்தனியாக நினைத்தோம். பல பெரிய நாடுகள் அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்திருந்தன என்பதெல்லாம் எங்கள் கணக்கிலேயே இல்லை. தங்கம் தங்கம்தான்.

எங்களில் யாரும் போகவில்லை. அது எங்கள் குறையும் இல்லை. மண்ணில் கற்ற ஆட்டம் உள்ளங்கையில் பந்தை வைத்திருப்பதுபோல மெதுவாக, வளைத்து வளைத்துக் கொண்டுபோகிற ஆட்டம். செயற்கைத் தளத்தின் ஆட்டமோ ஓட்டமும் வேகமும். டெல்லியிலும் பெங்களூரிலும் அந்தத் தளத்தில் பழகியவனோடு, புகைப்படத்தில்கூட அதைப் பார்த்திராத கோவில்பட்டிப் பையன் எப்படிப் போட்டி போடுவான்? எங்கள் காலத்துத் திறமைசாலிகளில் எத்தனையோ பேர் ரயில்வே, போலீஸ், வங்கி என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குப் போய் நல்லபடி வாழ்ந்தார்கள். இந்தியச் சட்டை மட்டும் எங்கள் பக்கம் வரவில்லை.

பிறகு கோவில்பட்டிக்கும் அந்தத் தளம் வந்தது. நான் முதல்முறை பார்த்தபோது, செருப்பைக் கழற்றிவிட்டு ஓரத்தில் காலை வைத்துப் பார்த்தேன். மேடு பள்ளமே கிடையாது, கல் கிடையாது, எங்கே தட்டினாலும் பந்து சொன்னபடி கேட்கிறது. மண்ணோடு போராடியே பாதித் தெம்பை இழந்த எங்கள் தலைமுறைக்கு இது கிடைத்திருந்தால் என்ற எண்ணம் வராமல் இல்லை. ஆனால் ஆட்டத்துக்கு முன்னால் தளம் முழுக்கத் தண்ணீர் பீய்ச்சினார்கள். நனைந்தால்தான் பந்து ஓடும், விழுந்தால் முழங்கால் தேயாது. தாமிரபரணித் தண்ணீர் குழாயில் எப்போது வரும் என்று குடத்தோடு காத்திருந்தே தலைமுறைகள் வளர்ந்த ஊர் அது. தண்ணீரின் விலை தெரிந்த அந்த ஊர்க்காரர்கள், பையன்கள் நன்றாக ஆடட்டும் என்று அதையும் மனதாரக் கொடுத்ததை நான் ஒரு பெரிய தானமாகவே பார்க்கிறேன். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் குறைவான தண்ணீரே போதும் என்ற தளத்தில் ஆடினார்கள். அந்தத் தொழில்நுட்பம் முதலில் வந்து சேர வேண்டிய இடங்களின் பட்டியலில் எங்கள் கரிசல் சீமை இருக்க வேண்டும்.

கொடுத்தது வீண்போகவில்லை. விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் சிறப்பு விளையாட்டு விடுதி கோவில்பட்டியில் இருக்கிறது. கல்லூரியில் படித்துக்கொண்டே ஹாக்கி பயிலும் இளைஞர்கள் அங்கே தங்கியிருக்கிறார்கள். சாப்பாடு, மட்டை, ஷூ, பயிற்சி எல்லாம் உண்டு. எங்கள் நாளில் ஆட்டம் முடிந்தால் ஆளுக்கு ஒரு வாழைப்பழமும் சோடாவும்தான். புரோட்டா கிடைத்தால் அது கோப்பை வாங்கிய நாள். அந்த விடுதியில் பயின்ற மாரீஸ்வரன் சக்திவேலும் கார்த்தி செல்வமும் 2022 மே மாதம் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியச் சட்டையோடு இறங்கினார்கள். மாரீஸ்வரன் கோவில்பட்டியிலேயே பிறந்து வளர்ந்தவர். கார்த்தி அரியலூர்க்காரர். அரியலூர் என்றதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது: எங்கள் ஆலங்குளம் ஆலையை நடத்துகிற அதே தமிழ்நாடு சிமெண்ட் கழகத்துக்கு இன்னொரு ஆலை இருக்கும் ஊர். சுண்ணாம்புப் புழுதியில் வளர்ந்த ஒரு பிள்ளை, நான் பஸ் பிடித்து வந்த அதே ஊருக்கு வந்து மட்டை பிடித்து, பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே கோல் போட்டான். இந்தியா அந்தப் போட்டியில் வெண்கலம் வாங்கியது. அதே மே மாதத்தில்தான் தேசிய ஜூனியர் ஆண்கள் போட்டி கோவில்பட்டியில் நடந்துகொண்டிருந்தது. பஞ்சாப், ஹரியானாப் பையன்கள் கடலை மிட்டாய்ப் பொட்டலத்தோடு தெருவில் நடந்தார்கள். நாங்கள் ஆசைப்பட்டு வாய்விட்டுச் சொல்லக்கூட வெட்கப்பட்டதெல்லாம் ஒரே மாதத்தில் நடந்தது.

இத்தனைக்கும் நடுவில் எனக்கு ஒரு கவலை இருக்கிறது. விலை உயர்ந்த தளம் என்பதால் வேலி போட்டுக் காக்க வேண்டியிருக்கிறது. ஆட வருகிறவனுக்கு நேரம் ஒதுக்க வேண்டியிருக்கிறது. அதில் தவறில்லை. கார்பன் இழை கலந்த மட்டை பல ஆயிரம் ரூபாய். அதை அண்ணன் தம்பிக்குக் கொடுப்பதற்குள் புது ரகம் வந்துவிடுகிறது. ஆனால் உடைமரக் கொம்போடு சந்தில் ஆடிய சிறுவனை நான் இப்போது தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. அவனிடமிருந்துதான் இந்த ஆட்டம் முளைத்தது. விடுதிக்கு வருகிற பையன் எங்கேயோ ஒரு மண் மைதானத்தில் முதலில் மட்டையைத் தொட்டவனாகத்தான் இருப்பான். பள்ளிக்கூடத்து மண் மைதானங்களை ஒவ்வொன்றாகக் கட்டடத்துக்குக் கொடுத்துக்கொண்டே போனால் நாளைக்கு விடுதிக்கு யார் வருவார்கள்? ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019-லும் கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-லும் புவிசார் குறியீடு வாங்கினோம். பள்ளிக்கொரு மண் மைதானத்தையும் அப்படி ஒரு காகிதம் போட்டுக் காப்பாற்ற வழி இருந்தால் நான் வரிசையில் முதல் ஆளாக நிற்பேன்.

2025 கடைசியில் ஜூனியர் உலகக் கோப்பையைச் சென்னையிலும் மதுரையிலும் நடத்தினார்கள். 24 நாட்டு அணிகள். மதுரை எங்களுக்குப் பக்கம்தானே என்று நானும் போனேன். எந்த நாட்டு ஆட்டம் என்று பார்க்காமல் கூட்டம் நிறைந்திருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பெயர் தெரியாத நாட்டுக்கெல்லாம் கைதட்டினார்கள். கடைசியில் இந்தியா வெண்கலம் வாங்கியது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் கோவில்பட்டியிலிருந்து வேன் பிடித்து வந்தவர்கள். இரண்டு பெரியவர்கள் என் வயது, மற்றவர்கள் கல்லூரி ஆட்டக்காரர்கள். பேச்சு வழக்கம்போல மண்ணுக்கும் தளத்துக்கும் போனது. எங்கள் காலத்தில் எதிராளியின் கோல் பக்கம் சும்மா போய் நிற்க முடியாது, ஆஃப்சைடு விசில் வந்துவிடும் என்றேன். ஒரு பையன், "அதெல்லாம் ஃபுட்பால்ல தானே சார்?" என்று கேட்டான். 1998-இல் ஹாக்கியிலிருந்து அந்த விதியை எடுத்தார்கள். அவன் பிறந்ததே அதற்கப்புறம்.

புல்லியைச் சொன்னேன், மூன்று தட்டையும் மட்டையில்லாமல் கையாலேயே செய்து காட்டினேன். பையன்களுக்குப் பிடித்துவிட்டது. கோவில்பட்டியில் நடக்கிற லட்சுமி அம்மாள் நினைவு ஹாக்கிப் போட்டி சமயத்தில், தளத்தில் இல்லாமல், மண்ணில், பழைய விதிப்படி ஒரே ஒரு ஆட்டம் வைத்தால் என்ன என்று ஒருவன் ஆரம்பித்தான். 35 நிமிடம் இரண்டு பாதி, மல்பெரி மட்டை, மூன்று தட்டு, ஆஃப்சைடு எல்லாம் வைத்து. "ஆனா அம்பயருக்கு அந்த விதி தெரியணுமே சார்" என்றான். நாங்கள் மூன்று பெரியவர்களும் ஒரே நேரத்தில் "நான் இருக்கேன்" என்றோம். சரி, ஆஃப்சைடு என்றால் முன்னால் எதிரணி ஆட்கள் எத்தனை பேர் இருக்க வேண்டும் என்று அவன் கேட்டான். இரண்டு என்றேன் நான். மூன்று என்றார் பக்கத்திலிருந்தவர். 1972-இல் மூன்றை இரண்டாக்கினார்கள் என்று நான் சொல்ல, தான் மட்டை பிடித்தது அதற்கு முன்னால் என்று அவர் சொல்ல, மூன்றாவது பெரியவர் இருவரும் தப்பு என்று எழுந்தே விட்டார். மைதானத்தில் எந்த நாடு எந்த நாட்டுக்குக் கோல் போட்டது என்று எங்கள் வரிசையில் ஒருவரும் பார்க்கவில்லை.